எவ்வளவு போனால் அதிகம்?

1. துவைத்து வந்த பெட்டிகள்

பெட்டியைத் திறந்ததும் துணி சோப்பு வாசம் அடித்தது. உள்ளே பயன்படுத்திய சானிட்டரி பேடுகள் துவைத்து, பிழிந்து, வெயிலில் காயவைத்து, பேப்பரில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அடுத்த பெட்டியும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. எங்கள் ஆய்வுக்கு முதல் பெட்டிகள் வந்து சேர்ந்த நாள் அது. எனக்கு வந்த கோபத்தில் கையுறையைக் கழற்றி மேசைமேல் எறிந்தேன்.

முன்கோபக்காரி என்று லேபில் எனக்குப் பெயர். தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். ரத்தம், சிறுநீர், சளி எல்லாம் பார்த்துச் சலித்த கை. ஆனால் மாதவிடாயில் போகும் ரத்தத்தை மில்லி கணக்கில் அளக்கப்போகிறோம் என்று டாக்டர் வசந்தா சொன்னபோது, வேலைக்குச் சேர்ந்த புதுசில் இருந்ததுபோல எனக்கு ஒரே துள்ளல். வழி சுலபமானது. பேடைச் சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துப் பிசைந்தால் ரத்தம் பழுப்பு நிறத்தில் கரைந்து வரும். அந்த நிறம் எவ்வளவு அடர்த்தி என்று கலரிமீட்டரில் ரீடிங் எடுக்க வேண்டும். அதே பெண்ணின் கையிலிருந்து எடுத்த ரத்தத்தோடு ஒப்பிட்டால், எத்தனை மில்லி போயிற்று, அதோடு எவ்வளவு இரும்புச்சத்து போயிற்று என்று தெரிந்துவிடும். கழுவாமல் கொண்டுவாருங்கள் என்று ஆய்வில் சேர்ந்த பெண்கள் எல்லோரிடமும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். வீட்டுக்குப் போய்க் கழுவிவிட்டார்கள்.

டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்டெல்லா, நாம லேப் நடத்துறோமா, லாண்டரியா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அடுத்த மாதமும் இப்படியே வந்தால் ஆய்வை மூடிவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

மூடினால் மற்றவர்களுக்கு ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அளக்காவிட்டால் ஷகிலாவின் கதிதான் என்ன ஆகும்? குரோம்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிற பெண். ஹீமோகுளோபின் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். அவளுக்கு ஏழுகூட இல்லை. மெஷின்மேலேயே இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறாள். இன்னொரு முறை விழுந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை. அவள் கணவர் ரஹீம் இரும்புலியூரில் டீக்கடை வைத்திருக்கிறார். எங்கள் முன்னாலேயே, "மாத்திரைய வாங்கி எங்கயோ கொட்டிட்றா சிஸ்டர். கேட்டா சாப்ட்டேன்னு சத்தியம் பண்றா" என்றார். நான் சிஸ்டர் இல்லை, டெக்னீஷியன். அதை யாரிடம் சொல்வது?

பீரியட்ஸ் அதிகமாகப் போகிறதா என்று டாக்டர் ஷகிலாவைக் கேட்டதற்கு, "இல்ல மேடம், எல்லாருக்கும் வர்ற மாதிரிதான்" என்றாள். ஒரு நாளைக்கு இரண்டு பேடுதான் மாற்றுகிறாளாம். கேட்டால் நார்மல் என்றுதான் எழுதத் தோன்றும். அப்புறம் மிச்சம் இருப்பது ஒரே காரணம்தான்: மாத்திரையைக் கொட்டுகிறாள். உண்மையைச் சொன்னால், டாக்டரும் அப்படித்தான் நினைக்க ஆரம்பித்திருந்தார்.

2. என்னுடைய பெட்டி

எல்லோரையும் வரச் சொன்னேன். ஏன் கழுவினீர்கள் என்று கேட்டதும், முடிச்சூரில் மீன் விற்கும் கன்னியம்மா அக்கா என்மேல் பாய்ந்தார். "இன்னாம்மா பேசற நீ? அத்த கழுவாம குட்த்தா நாய் இழுத்துனு போவாதா? எவனாவது எட்த்துனு போயி செய்வினை வச்சிட்டான்னா நீயா வந்து பாக்கப்போற? கழுவித்தான் தூக்கிப் போடணும். அப்டித்தான் எங்க வூட்ல."

மற்ற பெண்கள் தலையாட்டினார்கள். இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்தவரா என்கிற வித்தியாசமே இல்லை. என் வீட்டிலும் கழுவித்தான் போடுவோம்.

நல்ல வேளையாக எனக்கும் அந்த வாரம்தான் வந்திருந்தது. என் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இது என்னோடது. கழுவல. பாருங்க" என்று அவர்கள் கண் முன்னாலேயே கரைசலில் போட்டேன். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னியம்மா அக்கா மட்டும் கிட்டே வந்து, நண்டு பொறுக்குகிற கவனத்தோடு பார்த்தார். ரீடிங் எடுத்து, கணக்குப் போட்டு, நாற்பது மில்லி என்று சொன்னேன்.

"யம்மாடி, இம்மாந்தானா? அதுக்கா மாசம் மூணு நாளு மூஞ்ச தூக்கி வச்சினு கீற?" என்றார் அவர். அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு பேச்சு சுலபமாகிவிட்டது. அவர் ஒரு கண்டிஷன் போட்டார்: அளந்து முடித்ததும் மிச்சத்தை ஆஸ்பத்திரிக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டுக் கட்டி, எரிக்கக் கொண்டுபோகிற வண்டியில் ஏற்றுவதைத் தான் பார்க்க வேண்டும். தாராளமாகப் பார்க்கலாம் என்றேன். வண்டி வருகிற நாளில் ஐந்தாறு பேர் கேட்டருகே நின்று, பை ஏறுகிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் போனார்கள். வண்டிக்காரர் ஏதோ இன்ஸ்பெக்‌ஷன் என்று நினைத்துப் பயந்துவிட்டார்.

3. கலரிமீட்டர் கெட்டுப்போயிற்றா?

அடுத்த மாதம் ஷகிலாவின் பெட்டி வந்தது. கையில் வாங்கியதுமே கனத்தது. பேடு கொஞ்சம்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பேடோடும் மடித்து மடித்து வைத்த பருத்தித் துணி. "கம்பெனில அடிக்கடி எந்திரிச்சுப் போக முடியாதுக்கா. அதான் துணியும் வச்சுக்குவேன்" என்றாள். பேடு எத்தனை என்று கேட்ட நாங்கள் துணி எத்தனை என்று கேட்டதே இல்லை.

கரைசல் கடுங்காப்பி மாதிரி வந்தது. கலரிமீட்டரில் வைத்தேன், ரீடிங் எல்லைக்கு வெளியே போய்விட்டது. தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து மறுபடி வைத்தேன். வந்த எண்ணை நம்ப முடியவில்லை. மெஷின் மேல் சந்தேகம். ரத்தம் கலக்காத வெறும் கரைசலை, பிளாங்க் என்போம், வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. அவள் கையிலிருந்து எடுத்த ரத்தத்தில், ஒப்பிடுவதற்கான ஸ்டாண்டர்ட் கரைசலைப் புதிதாகப் போட்டேன். பழைய எண்ணேதான். இருநூற்று நாற்பது மில்லி.

பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓ.பி.யில் டாக்டர் முன்னால் நோயாளி இருந்தார். நான் கதவைத் தட்டக்கூட இல்லை. "டாக்டர், அந்தப் பொண்ணு மாத்திரைய கொட்டல. ரத்தத்தைத்தான் கொட்டிக்கிட்டு இருக்கா."

டாக்டர் எண்ணைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரையும் வரச் சொல்லு. முக்கியமா புருஷன் வரணும்" என்றார்.

4. டீக்கடைக் கணக்கு

ரஹீம் ஷகிலாவோடு வந்து உட்கார்ந்ததுமே, "சாப்புட மாட்டேங்குறாளா?" என்று ஆரம்பித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. டாக்டர் என்னைக் கையமர்த்திவிட்டுக் கேட்டார்.

"உங்க கடை கிளாஸ்ல ஒரு டீ எவ்ளோ இருக்கும்?"

"எம்பது மில்லி, மேடம்."

"ஒரு பொம்பளைக்கு மாசத்துக்கு அந்த ஒரு டீ அளவுக்குள்ள ரத்தம் போனா பரவாயில்ல. அதுக்கு மேல போனா வைத்தியம் பாக்கணும். உங்க மனைவிக்கு மூணு டீ போகுது. மாசா மாசம். டேங்க்ல ஓட்டைய வச்சுக்கிட்டு மோட்டார் போட்டுட்டே இருந்தா எப்படி ரொம்பும்? அவங்க மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

ரஹீம் தன் கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்க டீ ஊற்றுகிற கை அது. மூன்று கிளாஸ் எவ்வளவு என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறகு மனைவி பக்கம் திரும்பி, குரல் இறங்கி, "இவ்ளோ போவுதுன்னு ஏன் சொல்லல?" என்றார்.

ஷகிலா அவரை நேராகப் பார்த்துக் கேட்டாள். "எவ்ளோ போனா சொல்லணும்னு எனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க? நான் வேற யாரோடதயாச்சும் பாத்திருக்கேனா?"

டாக்டர் அப்போதே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. கட்டியை எடுத்தார்கள், இரும்புச்சத்தை ஊசியாக ஏற்றினார்கள். கம்பெனிக்கு டாக்டரே போன் பண்ணிப் பேசினார்; ஷகிலாவின் வேலை போகாமல் தப்பியது. ரஹீம் ஒரு ஃபிளாஸ்க் நிறைய டீ கொண்டுவந்து லேபில் எல்லோருக்கும் ஊற்றினார். எனக்கு ஊற்றும்போது, "ஸாரி டெக்னீஷியன் மேடம்" என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். "உங்களுக்கு நார்மலா போகுதா?" என்று யாரையும் கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அவரவருக்குத் தெரிந்தது அவரவர் உடம்பு மட்டும்தான். முதலில் அளவைச் சொல்லுங்கள், துணியா பேடா என்று கேளுங்கள், முடிந்தால் அளந்தே பாருங்கள்.

கடைசியாக ரத்தப் பரிசோதனைக்கு ஷகிலா வந்தபோது ஹீமோகுளோபின் பதினொன்றரை. நான் சந்தோஷத்தில் அவள் முதுகில் ஒரு அடி வைத்தேன். அவள் என்னவோ யோசனையாகவே இருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு ஸ்டேஷன் மேம்பாலத்துல ஏறினேன். நடுவுல நிக்கவே இல்ல. மூச்சு வாங்கல, கண்ணு இருட்டல" என்றாள். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "இத்தன வருசமா நீங்கல்லாம் இப்டித்தான் இருந்தீங்களா?"