மெயின்லேண்ட் போகாத மார்கழி

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுத வருமா என்ற பயம் பாதி. சாமி விஷயத்தில் வாயைத் திறந்து ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் மீதி. இரண்டு பயமும் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததை ஆளாளுக்குத் தங்கள் இஷ்டப்படி பேசுகிறார்கள். அதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

எங்கள் வீடு அந்தமானில், ஜங்லிகாட்டில். கணவர் ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள். டிசம்பர் லீவு வந்தால் இங்கே தமிழ்க் குடும்பங்களுக்கு மெயின்லேண்ட், அதாவது கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு, போவது ஒன்றுதான் வழக்கம். கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்பது, அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டுவது, கடலில் தலை சுற்றிப் படுப்பது, சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்க் காபி குடிப்பது, மறுபடி கப்பல். இதற்குப் பெயர் விடுமுறை. திரும்பி வந்து ஒரு வாரம் தூங்கினால்தான் உடம்பு தேறும்.

எங்களுக்கு அதிலும் ஒரு கட்டாயம் இருந்தது. கணவரின் அண்ணன் ராமநாதபுரம் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறார். குலதெய்வத்துக்குப் படையல் போடுவதை அவர் மார்கழி லீவுக்கு மாற்றிவிட்டார். "அந்தமான்காரங்க அப்பத்தானே வர முடியும்" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். போய்ப் பார்த்தால் தெரியும். ஓரகத்தியும் நானும் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டோம். ஊரில் உள்ள சொந்தக்காரர்கள் கெட்டுப்போன வண்டியை எல்லாம் மாசக்கணக்கில் மூலையில் சாத்தி வைத்திருப்பார்கள். "தம்பி வரட்டும்னுதான் கடையில குடுக்கல" என்பார்கள். கணவர் அங்கேயும் கிரீஸ் கையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். மகள் வந்தவர்களின் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அலைவாள். நாங்கள் மூன்று பேரும் ஒரு வேளை சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் வருஷா வருஷம் போனோம். சாமி காரியம், மறுக்கக் கூடாது என்று நினைத்தோம்.

மகள் நர்சிங் முடித்தாள். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஜனவரியில் சேர வேண்டும். நவம்பரில் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தோம். "அம்மா, இந்த ஒரு லீவு நாம மூணு பேரும் நம்ம வீட்டுலயே இருக்கலாமா? வேலைக்குப் போயிட்டா டிசம்பர்ல எனக்கு யாரு லீவு குடுப்பா?" என்றாள். கேட்டுவிட்டு மடிப்பதை நிறுத்தவில்லை. நான் முடியாது என்று சொல்லப்போகிறேன் என்று அவளுக்கே தெரியும் போல இருந்தது அந்தக் குரல். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கணவரிடம் சொன்னேன். "எனக்கும் ஆசைதான். அண்ணன்கிட்ட யாரு சொல்றது?" என்றார்.

"நீங்கதான்."

"நீ பக்கத்துல இரு."

போன் போட்டார். அண்ணன் பேசப் பேச இவர் "சரிண்ணே, இல்லண்ணே" என்று சுருங்கிக்கொண்டே போனார். இன்னும் இரண்டு 'சரிண்ணே' சொன்னால் நாங்கள் கப்பலில் இருப்போம். நான் போனை வாங்கிவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நேராகப் பேசியதில்லை. எங்கள் பக்கம் தம்பி பெண்டாட்டி அண்ணனிடம் வாய் கொடுக்கக் கூடாது. கதவுக்குப் பின்னால் நின்று யார் மூலமாவது சொல்ல வேண்டும். கடல் தாண்டி எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்பது?

"அத்தான், நான் பேசுறேன். இந்த வருஷம் நாங்க வரல. பிள்ளை வேலைக்குப் போகுது. அதோட இருக்கணும்."

"அப்ப சாமி வேண்டாம் உங்களுக்கு?" என்றார்.

"வேணும் அத்தான். கோயில் பிடிமண் கொஞ்சம் குடுத்து விடுங்க. இங்க வச்சுக் கும்பிட்டுக்கறோம்." ஊர் மாறிப் போகிறவர்கள் குலதெய்வக் கோயில் மண்ணை ஒரு பிடி எடுத்துப்போய்ப் புது இடத்தில் வைத்துக் கும்பிடுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

"பிடிமண்ணா? கடல் தாண்டியெல்லாம் அந்தச் சாமி வராதும்மா."

"நாங்க இத்தனை காலமா கடல் தாண்டித்தானே இருக்கோம். எங்களை யாரு பாத்துக்கிட்டா, அத்தான்?"

"வராட்டி இனிமே என் வாசல்ல கால் வைக்கக் கூடாது. அவன்கிட்டயும் சொல்லிரு" என்று வைத்துவிட்டார். கணவர் முகம் வெளுத்துவிட்டது. மகள், "போயிரலாம்மா, எனக்காக வேண்டாம்" என்றாள். "உனக்காக மட்டும் இல்ல, சும்மா இரு" என்றேன். அந்த வருஷம் நாங்கள் போகவில்லை.

குடும்பத்தோடு லீவை எப்படிக் கழிப்பது என்று என்னிடம் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்த வருஷம் நான் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில், வீட்டில் இருக்கிறோம் என்றால் உண்மையாகவே வீட்டில் இருங்கள். கடையைச் சாத்தினோம், ஆனால் ஆட்கள் வீட்டுக்கே வந்தார்கள். "பாயி, ஏக் பார் தேக் லோ" என்று வண்டியை வாசலில் நிறுத்துவார்கள். ஒரு தடவை பார்த்தால் என்ன என்று இவரும் எழுந்துவிடுவார். பக்கத்து வீட்டு வங்காளி அக்காவிடம் இவருடைய ஸ்பானர் பெட்டியைக் கொடுத்துவிட்டேன். அவள் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அண்ணி முறை வைத்து, "பாபி, அவரையும் தள்ளவா?" என்று கேட்டாள். கையில் சாமான் இல்லாத மனுஷன் முதல் நாள் முழுக்க வீட்டுக்குள் நடந்தார். அடுத்த நாள் மகளுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தார்.

இரண்டாவது, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், வெயிலைப் பாருங்கள். இங்கே டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து கடற்கரைக்குப் போகலாம் என்றால் போய்ச் சேரும்போது ராத்திரி. விடியலும் சீக்கிரம் என்பதால், சூரியன் வரும் முன் கோலம் போட மெயின்லேண்ட்காரர்களை விட நாங்கள் முந்தி எழ வேண்டும். எழுந்தோம். கோலம், கோயில், பஜனை, சுடச்சுடப் பொங்கல். மூன்று பேரும் ஒரே தொன்னையில் சாப்பிட்டோம். இங்கே எங்கள் கோயிலின் மார்கழியை நான் அதற்கு முன் ஒரு வாரத்துக்கு மேல் பார்த்ததே இல்லை. பாதி மார்கழியில் கப்பலில் இருப்பேன்.

மீன் கிடையாது, மார்கழி. அதனால் அடுப்படி வேலை பாதி. புளியோதரை கிளறி வைத்தால் ஒரு நாள் ஓடிவிடும். பெண்களுக்கு லீவு கூடாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை.

ஆளுக்கு ஒரு நாள் கொடுங்கள், அந்த நாளில் அவர் சொல்வதுதான். மகள் வடக்கே இருக்கிற மாயாபந்தர் போக வேண்டும் என்றாள். இந்தத் தீவுகளில் பிறந்தவள், அதைப் பார்த்ததில்லை. ராமேஸ்வரம் பார்த்திருக்கிறாள். இருட்டோடு பஸ் பிடித்து, காட்டுச் சாலை தாண்டி, நடுவில் பஸ்ஸையே படகில் ஏற்றிக் கடந்து போனோம். போய் என்ன செய்தோம்? படகுத்துறையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். அவள் அப்பா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவ்வளவுதான். கணவரின் நாளில் அவர் தூங்கினார்.

சண்டைக்கும் ஒரு நாள் விட்டு வையுங்கள், எப்படியும் வரும். எங்களுக்கு வந்தது. வேலைக்குப் போகிற இடத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று நான் தொடங்க, "லீவு முடியறதுக்குள்ள நான் போயிட்டமாதிரி பேசாதம்மா" என்று மகள் அழுதாள். அப்புறம் நான் அறிவுரை சொல்லவில்லை. போகப் போகிற பிள்ளைக்குச் சாப்பாடு போடுங்கள், தலை சீவி விடுங்கள், போதும்.

படையலை விடவில்லை. ஊரில் போடுகிற அதே நாளில், மெயின்லேண்ட் இருக்கிற மேற்குத் திசையைப் பார்த்து முற்றத்தில் இலை போட்டேன். பிடிமண் வரவில்லை. முற்றத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து மஞ்சள் தண்ணீர் தெளித்து வைத்தேன். தப்பா சரியா என்று யாரிடமும் கேட்கவில்லை. மூன்று பேரும் விழுந்து கும்பிட்டோம். பிறகு அந்த இலைகளின் முன்னாலேயே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஜனவரியில் மகள் போனாள். பிப்ரவரியில் கடையில் ஒரு ரிம் விழுந்து கணவரின் விரல் நசுங்கியது. ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. சாமி கேட்டுவிட்டது, பார்த்தாயா, எதிர்த்துப் பேசினவள் புருஷனுக்கு என்ன ஆச்சு என்று. எனக்கும் ஒரு வாரம் பயமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. அப்புறம் விளக்கேற்றி நின்று யோசித்தேன். ஒரு பெண் தன் பிள்ளையோடு சாப்பிட்டதற்கு விரலை நசுக்குகிற சாமியை நான் கும்பிட்டதில்லை. நான் கும்பிடுகிற சாமி அப்படி இல்லை. இரும்பு விழுந்தால் விரல் நசுங்கும். விரல் ஆறிவிட்டது, இவர் மறுபடி ஸ்பானர் பிடிக்கிறார்.

கணவரின் அண்ணன் இன்றுவரை எங்களோடு பேசவில்லை. இவருக்கு அது வலிக்கிறது. பொங்கலன்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதுதான் நாங்கள் கொடுத்த விலை. ஓரகத்தி மட்டும் மொட்டைமாடியில் துணி காயப் போடும் சாக்கில் பேசுவாள். "நீ வராததுல அந்த வருஷம் கூட்டமும் கம்மி, எனக்கும் கொஞ்சம் முதுகு நிமிந்துச்சு. அவர்ட்ட சொல்லிராத" என்றாள். மகளுக்கு அதன் பிறகு எந்த டிசம்பரிலும் லீவு கிடைக்கவில்லை. அந்த ஒன்றுதான் எங்களுக்கு இருந்தது. அதை எடுத்துக்கொண்டோம்.

வாசல் திறந்தால் போவேன். பிடிமண் வந்தால் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொள்வேன். வராவிட்டாலும் மார்கழியில் என் முற்றத்தில் இலை விழும்.

இதைப் படித்தவர்கள் வேண்டியவர்களுக்கு அனுப்புங்கள். அனுப்பினால் இப்படியே அனுப்புங்கள். நான் அழுது மன்னிப்புக் கேட்டதாக ஒரு வரி சேர்க்காதீர்கள். விரல் விஷயத்தை மறைக்கவும் வேண்டாம், பெரிசாக்கவும் வேண்டாம். இத்தனை பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்று அடியில் எழுதாதீர்கள். நான் சொன்னது எவ்வளவோ அவ்வளவுதான் நடந்தது.