ஹெட்போனுக்குள் ஒரு கிடார் மேதை

நவநீதகிருஷ்ணனுக்கு வயது நாற்பத்து நான்கு. கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி பண்டல்களை வெளிமாநிலங்களுக்கு லாரி ஏற்றி அனுப்புவது தொழில். ஆனால் யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டால் 'கிடாரிஸ்ட்' என்பார். கேட்டவர் முழித்தால், அந்த ஆளின் ரசனைக் குறைவை நினைத்து வருத்தப்படுவார். கல்லூரியில் நாலு பேர் சேர்ந்து வைத்திருந்த குழுவில் இரண்டு வருடம் வாசித்தார். அதற்கப்புறம் இருபது வருடமாக வாசிக்கப் போகிறார். தன் திறமை வெளியே தெரியாமல் போனதற்கு இந்த ஊர்தான் காரணம் என்பது அவர் கட்சி. இங்கே சத்தமாக வாசிக்க முடியாதாம்.

சும்மா சொல்லக் கூடாது, அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அவர் ஆசைப்பட்டு வரவழைத்தது வால்வு ஆம்ப்ளிஃபயர். அந்தக் காலத்து ரேடியோவுக்குள் கண்ணாடிக் குழாய்கள் கனன்றுகொண்டிருக்குமே, அந்த ரகம். சத்தத்தைக் குறைத்து வைத்தால் தொண்டை கட்டியவன் மாதிரி முனகும். முழுசாகத் திருகினால்தான் அவர் உயிரை விடுகிற அந்தக் கரகரப்பு வரும். வந்த முதல் நாளே முழுசாகத் திருகிக் கிடார் கம்பியை ஓர் இழுப்பு இழுத்தார். தீப்பெட்டிக்காரர் வீட்டு மாடியிலிருந்து திடீரென்று அப்படி ஒரு சத்தம் வந்தால் இந்தப் பக்கத்துச் சனம் என்ன நினைக்கும்? வீட்டுக்குள் பதுக்கி வைத்த தீக்குச்சி மருந்து வெடித்துவிட்டதென்று எதிர்வீட்டுச் சொர்ணத்தாய் கைப்பிள்ளையையும் ரேஷன் கார்டையும் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடிவிட்டாள். அன்று சாயந்திரமே நவநீதகிருஷ்ணனின் அப்பா பூவனநாதன் அந்த ஸ்பீக்கர் பெட்டியைக் குடோனில் போட்டுப் பூட்டிவிட்டார்.

அப்புறம்தான் லோடு பாக்ஸ் வந்தது. வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் எரிந்துபோகும். இந்தப் பெட்டி ஸ்பீக்கர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அத்தனை சத்தத்தையும் விழுங்கிச் சூடாக மாற்றிவிடும். ஆம்ப்பின் குரல் மட்டும் ஒரு வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். லண்டன் ஸ்டூடியோவில் பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் மைக் வைத்தால் எப்படிக் கேட்குமோ, அதை அப்படியே போலி செய்கிற ஃபைல்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். ஹெட்போனை மாட்டினால் லண்டன், கழற்றினால் கோவில்பட்டி. தெருவுக்கு நிம்மதி, மனுசனுக்கும் கொண்டாட்டம்.

வீட்டில் இருந்தவர்களுக்கு என்ன கேட்டது என்பதை அவர் யோசிக்கவே இல்லை. அவர்களுக்கு வெறும் கம்பிதான் கேட்டது. ஆம்ப்பும் இல்லாமல், லண்டனும் இல்லாமல், டிங்கு டிங்கென்று வெறும் கம்பி. தப்பெல்லாம் தனித்தனியாகக் கேட்டது.

மனைவி சத்யபிரியா கணக்கு டியூஷன் எடுக்கிறவர். கீழே கார் நிறுத்துகிற தகர ஷெட்டில் பதினான்கு பிள்ளைகள். வீட்டில் ஏசி இருந்த ஒரே அறை மாடியறை, அது கிடாருக்கு. வெக்கையில் கிடாரின் மரம் சுருங்கிவிடுமாம். பிள்ளைகள் சுருங்கினால் பரவாயில்லை போலிருக்கிறது. சித்திரை பிறந்து நாலாம் நாள், எட்டாம் வகுப்பு முத்துசெல்வி பெருக்கல் போட்டுக்கொண்டிருக்கும்போதே மயங்கி நோட்டின் மேல் சாய்ந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து அவளை எழுப்பி, வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த சத்யபிரியா நேரே மாடிக்குப் போனார். வாதமெல்லாம் செய்யவில்லை, ஒரே ஏற்பாடு சொன்னார். சித்திரை முடிவதற்குள் ஒரே ஒரு பாட்டை முழுசாக வாசித்துப் பதிந்து காட்டவேண்டும். காட்டினால் அறை அவருக்கு, அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. காட்டாவிட்டால் அறை பிள்ளைகளுக்கு. நவநீதகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

பாட்டு ஏற்கெனவே பாதி இருந்தது. சொந்தப் பாட்டுத்தான், அமெரிக்கச் சோகப்பாட்டு ரகம், பெயர் 'கரிசக்காட்டு ப்ளூஸ்'. செருப்பில் கரிசல் மண் ஒட்டினால் அரைநாள் தேய்த்துக் கழுவுகிற மனுசன் வைத்த பெயர். பாக்கிப் பாதியை வாசித்துப் பழகவேண்டிய இருபத்தாறு நாளும் ஃபைல் தேர்ந்தெடுப்பதில் போனது. ஸ்பீக்கருக்கு நேர்முன்னால் மைக் வைத்த ஃபைல், ஓர் அங்குலம் இடப்பக்கம் தள்ளி வைத்த ஃபைல், அதையே கொஞ்சம் சாய்த்து வைத்த ஃபைல் என்று நானூறு இருந்தன. மைக் ஓர் அங்குலம் நகர்ந்தால் அவர் காது கண்டுபிடித்துவிடும். தாளம் ஒரு முழம் நகர்ந்ததைத்தான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

கடைசி நாள் மத்தியானம். கதவைச் சும்மா சாத்திவிட்டு, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, ஆம்ப்பை முழுசாகத் திருகி வாசிக்க ஆரம்பித்தார். மகனைச் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த பூவனநாதன் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். ஐம்பது வருடம் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தியவர்; தொழிற்சாலையை இந்தப் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஆபீஸைக் குத்தகைக்கு விட்ட பிறகும் வீட்டுப் படிக்கட்டில் திருப்பத்துக்குத் திருப்பம் சிவப்பு வாளியில் மணல் நிரப்பி வைத்திருக்கிறவர். கதவைத் திறந்ததும் காய்ந்த தூசி வாடை அடித்தது. ஆம்ப்புக்குள் குழாய்கள் சிவந்து கிடந்தன. பக்கத்திலிருந்த லோடு பாக்ஸில் கை வைத்தார், சுட்டது. ஆபீஸில் அவர் போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்று. சுடுகிற பொருளை முதலில் சரக்கிலிருந்து பிரித்து மணலுக்குள் போடு, விசாரணை எல்லாம் அப்புறம். ஆம்ப்பை இழுக்கலாமென்றால் அதிலிருந்து போன வயர் மகன் கையிலிருந்த கிடாரில் மாட்டியிருந்தது. ஆகவே பெட்டியின் பின்னாலிருந்த வயர்களைப் பிடுங்கினார், துண்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார், படிக்கட்டு வாளியில் கழுத்தளவு புதைத்தார்.

இங்கே ஹெட்போனில் லண்டன் நின்றுபோனது. நவநீதகிருஷ்ணன் கண்ணைத் திறக்கவில்லை. கம்ப்யூட்டர்தான் மக்கர் பண்ணுகிறதென்று நினைத்து இன்னும் பலமாக அடித்தார். சத்தத்தைக் குடிக்கப் பெட்டி இல்லாமல் ஆம்ப் எத்தனை நேரம் தாங்கும்? உள்ளே படாரென்று ஏதோ வெடித்தது, கரிந்த நாற்றம் கிளம்பியது. அவர் கண்ணைத் திறந்தபோது எதிரே அப்பா இரண்டாவது மணல் வாளியோடு நின்றார்.

"பெட்டி சுடுதுலே. மொதல்ல மண்ணு, பெறவுதான் பேச்சு" என்று சொல்லிவிட்டு ஆம்ப்பின் தலையில் வாளியைக் கவிழ்த்தார்.

நவநீதகிருஷ்ணன் கீழே இறங்கி வந்து கூடத்தில் உட்கார்ந்தார். தலையில் அடித்துக்கொண்டுதான் நடந்ததைச் சொன்னார். ஆனால் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது, அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. ஆம்ப்புக்குள் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கும், இங்கிலாந்திலிருந்து வரவேண்டும், எப்படியும் ஆறு மாதம். கடைசி அடி பாக்கி இருக்கும்போது அப்பா கெடுத்துவிட்டார், ஆகவே கெடுவைத் தள்ளிவைப்பதுதான் நியாயம் என்றார். இருபது வருடம் ஊரைச் சொன்ன வாய்க்கு இனி அப்பா கிடைத்துவிட்டார்.

சத்யபிரியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மாடிக்குப் போய்க் கிடாரை எடுத்துவந்து, ஒட்டியிருந்த மணலை முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்.

"ஆம்ப்தான போச்சு, கிடாருக்கு என்ன வந்திச்சு? இங்கன உக்காந்து வாசிங்க. கடைசி வரைக்கும் வாசிச்சிட்டீங்கன்னா ரூம் ஒங்களுக்குத்தான்."

தப்பிக்க வழி இல்லை. வாசிக்க ஆரம்பித்தார். அப்பா சோற்றில் கையை வைத்தபடி கேட்டார், மனைவி தூணில் சாய்ந்து கேட்டார். காதில் ஒன்றும் இல்லாமல் நவநீதகிருஷ்ணனும் கேட்டார். இரண்டாவது அடியில் விரல் தடுக்கியது. மூன்றாவதில் தாளம் எங்கேயோ போய்விட்டது, அவர் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். நாலாவது அடிக்கு முன்னால் கை தானாக நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

கிடாரைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு எழுந்து, சட்டைப்பையிலிருந்த மாடியறை ஏசி ரிமோட்டை எடுத்து மனைவி கையில் கொடுத்தார்.

"தெனமும் இதத்தான் கேட்டியா?" என்றார்.

"பதினாலு மாசமாக் கேக்கோம்."

"ஒரு வார்த்த சொல்லலையே?"

"சொல்லாமயா இருந்தேன்? ரூம் வாசல்ல நின்னு எத்தனையோ நாளு சொல்லிருக்கேன். நீங்கதான் காதுல மாட்டிக்கிட்டு, நல்லாருக்குன்னு சொல்லுதேன்னு நெனச்சித் தலைய ஆட்டுனீங்க."