ராஜா கன்னத்தில் விழுந்த வெட்டு

அன்றைக்குக் கடையில் இருந்தது மூன்று பேர். பழைய நாணயம் விற்க உரிமம் வாங்கி வைத்திருக்கும் அண்ணாச்சி, மதுரையிலிருந்து காரில் வந்த சார் ஒருவர், நான். மேசைமேல் வெள்ளிக்காசில் கிடந்த ரோமாபுரி ராஜாவையும் சேர்த்தால் நாலு.

அந்தக் காசை அண்ணாச்சியிடம் தவணைக்கு வாங்கியவள் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, உப்புப் பாக்கெட் போடும் வேலைக்குப் போகிறவள். வாங்கியபோது காசு கன்னங்கரேல் என்று இருந்தது. வீட்டில் மாதா முன்னால் வைக்கிற விளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். கறுப்பு போனதும் ராஜாவின் கன்னத்தில் ஆழமாக ஓர் உளிவெட்டு தெரிந்தது. அதை அண்ணாச்சியிடம் காட்டத்தான் கொண்டுவந்திருந்தேன்.

“புளியா போட்டீங்க?” சார் தலையில் கைவைத்தார். “சரி, நான் எடுத்துக்கறேன். ஆசாரிகிட்ட சொல்லி அந்த வெட்டை மட்டும் அடைச்சுக் குடுங்க.”

அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்தது. “கேட்டியா ஏளா! ராஜாவுக்கு ஒரு தையலப் போட்டுட்டா உன் பாக்கியும் தீந்துரும், கையிலயும் நாலு காசு நிக்கும்.”

மழை விழுந்தால் வேலை இருக்காது. தவணை தவறினால் அண்ணாச்சி என்ன நினைப்பார், என் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? சும்மாவே தூக்கம் வராதவள் நான்.

காசைத் திருப்பினேன். பின்பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் சமாதானக் கிளை, மறு கையில் கோல். என் ஆட்சியில் எல்லாரும் நிம்மதி என்று ராஜா காசிலேயே அச்சடித்து, முத்து வாங்க இந்தக் கரை வரைக்கும் அனுப்பியிருக்கிறார். இன்றைக்குச் சுவர் சுவராகப் போஸ்டரில் சிரிக்கிற தலைவர்களுக்கு அவர்தான் மூத்தவர். அந்த முகத்தில்தான் யாரோ உளியை வைத்து ஒரே போடு போட்டிருக்கிறார்கள். உள்ளே வெள்ளிதானா என்று பார்க்க வெட்டியிருப்பார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். ராஜா சொன்னதை அப்படியே நம்பவில்லை என்பதுதானே அதுவும்?

“வெட்டு அப்படியே இருக்கட்டும் அண்ணாச்சி. அடைக்க மாட்டேன்.”

“வெட்டுப்பட்ட மூஞ்சியை யாரும்மா பார்ப்பா?” என்றார் சார்.

“நான் பாப்பேன்.”

சார் கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். “ரோமாபுரி ராஜாவயே எதுத்துட்ட. சரி, எம் பாக்கிய எப்பளா தருவ?”

“சம்பளத்துக்குச் சம்பளம் தாரேன் அண்ணாச்சி.”

காசை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். வீடு இருக்கும் மில்லர்புரம் வரை கை முடிச்சை விடவில்லை. அண்ணாச்சிக்கு நான் இன்னும் தரவேண்டியது நாலாயிரத்து இருநூறு ரூபாய்.