கையுறை மாட்டிய வேகப்பந்து வீச்சாளன்

வேலை முடிந்து வரும் வழியில், கிழக்கு தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் உட்காராமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. இணைய விளையாட்டு ஒன்றில் எனக்குச் சொந்தமாக ஒரு கிரிக்கெட் அணி இருந்தது. மட்டையைத் தொட வேண்டியதில்லை. எந்தப் பையனுக்கு என்ன பயிற்சி என்று சொல்லிவிட்டால் போதும், வாரா வாரம் கொஞ்சம் தேறுவான்.

அப்படி எனக்கு வாய்த்தான் பதினேழு வயது வேகப்பந்து வீச்சாளன் ஒருவன். அவனுக்குப் பந்துவீச்சுப் பயிற்சியைத் தேர்ந்தெடுத்த நொடியில் கரண்ட் போனது. பதிவாகியிருக்கும் என்று நம்பிக் கிளம்பிவிட்டேன். அதன்பின் அவன் பக்கத்தைத் திறக்கவே இல்லை. அடிக்கடி எட்டிப் பார்த்தால் பையன் தேறமாட்டான் என்று ஒரு பயம். விக்கெட் விழக் கூடாது என்று டிவி முன்னால் மடக்கிய காலை நீட்டாமல் உட்கார்ந்து வளர்ந்தவன் நான்.

இரண்டு மாதம் கழித்துத் திறந்தால், அவன் பந்துவீச்சுத் திறன் போட்ட இடத்திலேயே கிடந்தது. நான் தேர்ந்தெடுத்தது பதிவாகாததால், பயிற்சிப் பட்டியலில் முதலாவதாக இருந்த விக்கெட் கீப்பிங்தான் அத்தனை வாரமும் ஓடியிருக்கிறது.

என் ரூம்மேட் விழுந்து விழுந்து சிரித்தான். "மச்சான், அவன் வாழ்க்கையே போச்சேடா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த மேட்சில் அவனையே கீப்பராக இறக்கினேன். நான்கு கேட்ச் பிடித்தான்.

"எப்படிடா?" என்றான் ரூம்மேட்.

"நாம ரெண்டு பேரும் மெக்கானிக்கல் படிச்சிட்டு சாஃப்ட்வேர் எழுதலையா? அப்படித்தான்."