அட்டனில் காப்பி குடிப்பது யார்?

எங்கள் காப்பிக் கம்பெனிக்கு ஊர் ஊராகக் கடை உண்டு. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அட்டனில் உள்ள கடையை வைத்திருப்பதா, மூடுவதா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து இன்று ஓர் ஐயா வந்தார்.

“இங்க காப்பி குடிக்கிறது யாரு?” என்று நோட்டுப்புத்தகத்தைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பின்கதவால் நுழைந்தார் எங்கள் ஒரே வாடிக்கையாளர், தேயிலை ஃபேக்டரி டீமேக்கர். “நாள் பூரா தேத்தண்ணியை ருசி பாத்து நாக்கே மரத்துப்போச்சுங்க. எங்க தோட்டத்துத் தொரைக்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

ஐயா சிரித்தார்; பெயரை எழுதவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டார்: “எனக்குக் காப்பி ஒத்துக்காது. நல்ல தேத்தண்ணி எங்க கிடைக்கும்?”

“வாங்க, நானே போட்டுத் தர்றேன்!” டீமேக்கர் கையோடு அழைத்துப்போய்விட்டார்.

டீமேக்கருக்கு ஊற்றிய காப்பி மேசையில் ஆறுகிறது. இந்தப் பக்கம் வருகிறவர்கள் யாராவது குடித்துவிட்டுப் போங்கள். முன்கதவாலேயே வரலாம்.