பதினான்காவது ஸ்லைடு

நான் சொல்வது நடந்தது. அன்று அந்த அறையில் ஒன்பது பேர் இருந்தோம். மற்ற எட்டுப் பேரும் இன்றுவரை அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நான் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலர். விபத்து விசாரணைக் கூட்டத்துக்காக ஸ்லைடு மாற்றும் ரிமோட் ஒன்று வாங்கப் போனேன். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று டிவி ரிமோட் மாதிரி. குறுக்கே ஆள் நின்றாலே சிக்னல் போகாது. மற்றது ரேடியோ அலையில் வேலை செய்வது. நகம் அளவு ரிசீவரை லேப்டாப்பில் செருகிவிட்டால் போதும், சுவருக்கு அப்பாலிருந்தும் வேலை செய்யும். ரிசீவர் தன் ஜோடி ரிமோட் சொல்வதை மட்டும்தான் கேட்கும். நான் இரண்டாவதை எடுத்தேன். முன்னே, பின்னே என்று இரண்டே பொத்தான்.

விபத்தில் இறந்தவர் எங்கள் எலக்ட்ரீஷியன். எல்லோருக்கும் 'டெஸ்டர்' அண்ணன். வேலையில் இறங்கும்முன் மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தானே வைத்துக்கொள்வார். அவர் திறக்காமல் கரண்ட் வரக் கூடாது. அதுதான் முறை. அன்று வந்துவிட்டது. பூட்டே போடவில்லை, தவறு அவருடையது என்றது நிர்வாகத்தின் அறிக்கை. ஆனால் நான் எடுத்த படத்தில் பூட்டு இருந்தது. கட்டரால் வெட்டப்பட்டிருந்தது.

அந்தப் படம்தான் பதினான்காவது ஸ்லைடு.

"அத மறைச்சிடுப்பா," என்றார் மேலாளர். "மெஷின் நிக்குதேன்னு யாரோ அவசரப்பட்டுட்டான். உனக்கும் புள்ளகுட்டி இருக்கு இல்ல?"

மறைத்தேன். மறைத்த ஸ்லைடு ரிமோட்டுக்குச் சிக்காது, தாண்டிப் போய்விடும். அதைக் காட்ட கீபோர்டில் 14 என்று தட்டி என்டர் அடிக்க வேண்டும்.

கூட்டத்தன்று காலை 11:20-க்குச் சோதித்தபோது திரை ஒருமுறை தானாகப் பின்னால் போனது. விரல் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மதியம் 2:41. பதின்மூன்று முடிந்தது. அழுத்தினேன். பதினைந்து வந்தது. அரசிலிருந்து வந்த தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அம்மா தலையாட்டினார்.

டிக்.

பொத்தான் சத்தம். என் விரல் அசையவில்லை.

திரையில்... வெட்டிய பூட்டு.

"தள்ளுப்பா," என்று பல்லைக் கடித்தார் மேலாளர்.

தள்ளினேன். பதினைந்து.

டிக். பதினான்கு.

2:44. பேட்டரியைக் கழற்றினேன்.

டிக்.

2:46. ரிசீவரைப் பிடுங்கினேன்.

டிக்... டிக்...

பூட்டு.

"இது யாரோட பூட்டு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

மேலாளர் என்னையே பார்த்தார்.

"டெஸ்டர் அண்ணனோடது மேடம். அவர் போட்டிருந்தாரு. வெட்டிட்டாங்க."

சத்தம் நின்றது. 2:47.

அன்று மாலையே என் வேலை போனது. மறுநாள் லேப்டாப்பை ஒப்படைக்கும்போதுதான் அதன் பின்பக்கத்தில் இன்னொரு ரிசீவர் இருப்பதைப் பார்த்தேன். பழையது. கூட்ட அறையில் ப்ரொஜெக்டர் போட்டுத்தந்ததும் டெஸ்டர் அண்ணன்தான்; அவர் செருகியதாக இருக்கும். அவர் சாகும்போது அதன் ஜோடி ரிமோட் அவர் சட்டைப்பையில் இருந்தது என்றார்கள்.

அங்கிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி, ஆஸ்பத்திரியில் கொடுத்த உறையைப் பிரித்துக் காட்டினார். ரிமோட் உருகிக் கருங்கட்டியாகியிருந்தது. பொத்தான் இருந்த அடையாளமே இல்லை.

"இத பீரோல வச்சிருந்தேன் தம்பி," என்றார். "நேத்து மத்தியானம் ரெண்டே முக்கால் இருக்கும். துணி கருகுற வாசன. ஓடிப்போய்த் தொறந்தேன்... உறையத் தொட முடியல. அவ்வளவு சூடு."