தும்புக் கொட்டகையின் பின்வாசல்

வியாகுலம்மாள் யாரையும் நம்பமாட்டாள். மீன்காரி சத்தியம் செய்தாலும் சாளையின் செவுளைத் தானே பிளந்து பார்ப்பாள். கோவில் மணி அடித்தால் சரியான நேரத்துக்குத்தான் அடித்தானா என்று கேட்பாள். அவள் கொடுக்கும் வெற்றிலையைக்கூட குளச்சலில் யாரும் வாங்கத் தயங்குவார்கள்; கொடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணுவாள்.

கொல்லம் ஆண்டு 1109-இல், அதாவது 1934 வாக்கில், அவளும் மகள் ரீத்தாவும் மத்தியாஸ் முதலாளியின் கொட்டகையில் பனந்தும்பு சீவினார்கள். பனைமட்டையில் உரித்த நாரை ஆணிச்சீப்பில் இழுத்துக் கப்பலுக்குக் கட்டுகிற வேலை. காய்ந்த தும்புக்கு ஒரு பொறி போதும். அப்படியிருந்தும் முதலாளி பின்வாசலைப் பூட்டியே வைத்திருந்தார்; திறந்தால் பெண்கள் தும்பைக் கடத்திவிடுவார்களாம். சாயங்காலம் ஒவ்வொருத்தியும் முன்வாசலில் சேலையை உதறிக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். நின்று பார்ப்பது கூடவே தும்பு சீவும் நேசம்மாள். அதனாலேயே அவள் முதலாளியின் காது என்று வியாகுலம்மாள் முடிவுகட்டியிருந்தாள்.

சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் பார்வையிட வருவதாகச் செய்தி வந்ததும் பின்வாசல் பூட்டு கழன்றது. தண்ணீர்த் தொட்டி வந்தது, மணல் வாளிகள் வந்தன. தீப்பிடித்தால் பதறாமல் பின்வாசல் வழியாகப் போங்கள் பிள்ளைகளே என்று முதலாளி உருகினார். வந்தவர் மெச்சிவிட்டுப் போனார். பெண்களுக்கும் சந்தோஷம். வியாகுலம்மாள் மட்டும் நம்பவில்லை. சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

சில வாரம் கழித்து அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. கடல்பக்கமாகச் சுற்றிப்போய்ப் பார்த்தாள். கப்பல் தாமதித்ததால் தேங்கிய தும்புக்கட்டுகளை வாசலுக்கு வெளியே நிலையுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள்.

முதலாளியிடம் கேட்டால் வேலை போகும். பெண்களிடம் சொன்னால் நேசம்மாள் காதுக்குப் போகும். ரீத்தா உட்காருவதோ பின்வாசலை ஒட்டி. மகளை அங்கிருந்து எழுப்ப, தூசியில் பிள்ளைக்கு இருமல் என்று பெண்களிடம் ஒரு பொய்யைச் சொன்னாள்.

"பிள்ளைய எனக்க இடத்துல இருத்துங்க அக்கா. நான் அங்க போறேன்" என்றாள் நேசம்மாள், முன்வாசலருகே இருந்த தன் பலகையை விட்டு எழுந்து.

வியாகுலம்மாளுக்கு நன்றி வரவில்லை. கேளாமலே கொடுக்கிறாளே, இதில் இவளுக்கு என்ன லாபம் என்றுதான் யோசித்தாள்.

கும்ப மாதத்தில் ஒரு மத்தியானம் கொட்டகை பற்றிக்கொண்டது. முதலாளியின் சுருட்டு என்பார்கள் சிலர். ரீத்தாவை இழுத்துக்கொண்டு வியாகுலம்மாள் முன்வாசலால் வெளியேறினாள். பின்னால் இருந்தவர்கள் முதலாளி சொன்னபடியே பின்வாசலுக்கு ஓடினார்கள். கதவு திறக்காததால் மற்றவர்கள் புகைக்குள் திரும்பி, வெந்தும் வேகாமலும் தப்பினார்கள். நேசம்மாள் தள்ளிக்கொண்டே நின்றுவிட்டாள். கதவோடு கதவாகத்தான் அவளை எடுத்தார்கள்.

விசாரணைக்கு அதே உத்தியோகஸ்தர் வந்தார். கதவில் பூட்டே கிடையாது என்று முதலாளி வேதத்தின்மேல் கைவைத்துச் சொன்னார். அது உண்மை. வெளியே இருந்த கட்டுகள் சாம்பலாகியிருந்தன. பதற்றத்தில் கதவைத் திறக்கத் தெரியாமல் செத்தாள் என்று எழுதப்போனார்கள்.

வாயை மூடிக்கொண்டால் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று வியாகுலம்மாளுக்குத் தெரியும். செத்தவள்மேல் பழி விழுவதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. முன்னால் வந்து, கட்டுகள் அடுக்கியிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள்.

நேசம்மாளின் புருஷன் ஞானாபரணம் மெதுவாக எழுந்தான்.

"அறிஞ்சோண்டுதான் எனக்க வீட்டுக்காரிய அங்க இருத்தினியளா அக்கா?"

கூட்டத்தில் இருந்த ரீத்தா அம்மாவைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள் வியாகுலம்மாள். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள்.